மண் எடுக்கும் விதம் பிழைத்தால் மாணவர் ஆய்வு வயலுக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் விவசாய விஞ்ஞானமும் உயிரியலும் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் படிக்கும் மாணவர்களின் ஆய்வுகள் கண்காட்சிகளிலும் பத்திரிகைகளிலும் இடம்பெறுவது மனதுக்கு நிறைவு தருகிறது. நெல்லில் எரிபந்தம் என்ற பங்கசு நோய், கத்தரியில் வாடல், கிணற்று நீரில் நைத்திரேற்று, குப்பைமேட்டு மண்ணில் பார உலோகம் என்று அவர்கள் எடுக்கும் தலைப்புகள் அத்தனையும் இந்த மண்ணுக்குரியவை. ஆனால் அவற்றுள் பல, ஒரு விவசாயி நம்பி எடுத்து நடக்கக்கூடிய முடிவாக வந்து சேர்வதில்லை. பாடசாலையில் நல்ல நுணுக்குக்காட்டி இல்லை, கருவி இல்லை என்ற குறைதான் எப்போதும் பேசப்படுகிறது. அந்தக் குறை உண்மைதான். எனினும் ஆய்வு கெடுவது பெரும்பாலும் கருவிக்குப் போவதற்கு முன்னரே, மாதிரி எடுக்கும் இடத்திலும், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற முடிவிலும்தான். இந்த இரண்டையும் காசு செலவில்லாமல் திருத்தலாம் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக உழவு தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் இந்தச் சில வாரங்களே வயல் மண் எடுக்க ஏற்ற காலம். அடிக்கட்டுப் பசளை போட்ட பிறகு எடுத்த மண்ணில் பசளையின் அளவுதான் தெரியும். ஓர் ஏக்கர் அளவான, ஒரே தன்மையுள்ள வயலில் 10 முதல் 15 இடங்களில், நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து நடந்து மண் எடுக்க வேண்டும். வரம்போரம், வக்கடை வாய், சூடு வைத்த இடம், வைக்கோல் எரித்த இடம், எருமை படுத்த குழி, மரத்தடி, பசளை மூட்டை இறக்கிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மேலே கிடக்கும் வைக்கோலை ஒதுக்கிவிட்டு, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேல் தொட்டு அடிவரை ஒரே தடிப்பில், 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கனத்தில், ஒரு துண்டைச் சீவி எடுக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மேல் மண்ணை மட்டும் கையால் அள்ளிப் பையில் போட்டுவிடுவார்கள். பொசுபரசு மண்ணில் எளிதில் நகராது, போட்ட இடத்திலேயே மேற்படையில் தங்கும். ஆகவே மேல் மண் மட்டும் பையில் இருந்தால் அந்த வயலில் பொசுபரசு தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். வேர் ஓடும் ஆழத்தில் நிலைமை வேறாக இருக்கும்.

எடுத்த துண்டுகளைப் பிளாஸ்ரிக் வாளியில் சேர்த்துக் கட்டி உடைத்துக் கலக்குங்கள். நாகமுலாம் (துத்தநாகம்) பூசிய தகர வாளி கூடாது. அது மண்ணுக்கு நாகத்தைக் கொடுத்துவிடும். துருப்பிடித்த மண்வெட்டியும் இரும்பளவைப் பிழையாக்கும். பழைய உரப்பையில் மண் கட்டிக்கொண்டு வருவது எங்கும் காணப்படும் வழக்கம். கழுவிய பை என்றாலும் வேண்டாம், தையலுக்குள் பசளைத் தூள் இருக்கும். கலந்த மண்ணைச் சுத்தமான பொலித்தீன் விரிப்பில் வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை அகற்றி, மிஞ்சியதை மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பிறகு நிழலில் 3 முதல் 5 நாள் உலர்த்தி, மரக்கட்டையால் உருட்டி உடைத்து, 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரிக்க வேண்டும். கல்லையும் சேர்த்து இடித்துத் தூளாக்கக் கூடாது. பென்சிலால் எழுதிய துண்டு பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் இருக்கட்டும். பேனா மை ஈரத்தில் கரைந்து, எந்த வட்டை (வயல்வெளி) மண் எது என்றே தெரியாமல் போய்விடும். துண்டில் இடம், திகதி, ஆழம், கடைசிப் பயிர், கடைசியாகப் போட்ட பசளை, தண்ணீர் எந்தக் குளத்து வாய்க்காலில் இருந்து வருகிறது என்பவை இருக்க வேண்டும்.

இது பசளைத் தேவையை அறியும் ஆய்வுக்கான முறை. மண் மாசடைதலை ஆராய்பவர்கள் இதே முறையைப் பின்பற்றினால் மாசு மறைந்துபோகும். ஒரு வாகனத் திருத்தகத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் கழிவு கொட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்மியம் அந்த ஒரு புள்ளியில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், சுற்றியுள்ள ஒன்பது புள்ளிகளில் 0.5 மில்லிகிராம் என்றால், பத்தையும் கலந்த கூட்டு மாதிரியில் வருவது 0.95தான். பத்தில் ஒன்று பத்து மடங்கு கூடியிருந்தது என்ற செய்தியே அழிந்துவிடுகிறது. ஆகவே மாசு ஆய்வில் ஒவ்வொரு புள்ளியும் தனிப் பை. மேலிருந்து விழுந்த மாசு மேற்படையில்தான் செறிந்திருக்கும் என்பதால் 0–5 சென்ரிமீற்றரையும் 5–15 சென்ரிமீற்றரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். மாசில்லாத ஒப்பீட்டு மண்ணையும் அதே வகை மண்ணிலிருந்தே தேட வேண்டும். வாவியோரச் சேற்றை எடுத்துக் கல்லடிக் கடற்கரை மணலோடு ஒப்பிட்டு, சேற்றில் உலோகம் கூட என்று எழுதினால், அது மாசைக் காட்டாது. களி இயல்பாகவே உலோகங்களைப் பிடித்து வைக்கும், மணல் பிடிக்காது. அந்த வேறுபாடு மனிதர் கால் வைப்பதற்கு முன்பிருந்தே உள்ளது.

மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் சொல்லும்போது மண்ணும் நீரும் எந்த விகிதத்தில் கலந்தன என்பதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. 10 கிராம் உலர் மண்ணுக்கு 25 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி 30 நிமிடம் விட்டு, மறுபடி கலக்கி அளப்பது ஒரு வழமையான முறை. பேனா போன்ற மலிவான அளவியே போதும். ஆனால் அளக்கும் ஒவ்வொரு நாளும் பீ.எச். 4, 7 என்று முன்பே தெரிந்த இரண்டு தாங்கற் கரைசலிலும் அதைச் சரிசெய்ய வேண்டும். நேரடியாக மண்ணில் குத்திப் பார்க்கும் குச்சிக் கருவியை ஆய்வுக்கு நம்ப வேண்டாம். வயல் மண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நீர் கட்டிச் சில வாரங்கள் கடந்தால் அமில மண்ணின் பீ.எச். உயர்ந்தும், கார மண்ணின் பீ.எச். தாழ்ந்தும் நடுநிலையை நோக்கி நகரும். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயலில் மார்கழியில் ஈரமாக எடுத்த மண்ணையும், நவகிரி நீர் பாயும் வயலில் ஆவணியில் காய்ந்து எடுத்த மண்ணையும் வைத்துக்கொண்டு இரண்டு குளத்து வயல்களுக்கும் வேறுபாடு கண்டோம் என்று எழுதக் கூடாது. அங்கே வேறுபட்டது குளமா, காலமா என்று எவராலும் சொல்ல முடியாது.

உவர்த்தன்மை வாவியை ஒட்டிய வயல்களில் உயிர்ப்புள்ள பிரச்சினை. 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் கரையோரக் கிணறுகளும் தோட்டங்களும் உப்பேறிய அனுபவம் இரு மாவட்ட மக்களுக்கும் தெரியும். 10 கிராம் மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் நீர் சேர்த்து, ஒரு மணித்தியாலம் குலுக்கி, தெளிய விட்டு, உப்புக் கூடக் கூட உயரும் மின்கடத்துதிறனை அளப்பது மாணவருக்கு எளிது. கிடைத்த எண்ணைப் புத்தகத்தில் உள்ள தாங்குதிறன் அட்டவணையோடு நேரே வைத்துப் பார்ப்பதுதான் பிழை. நெல்லுக்கு மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ், போஞ்சிக்கு 1 என்று அந்த அட்டவணைகள் சொல்வது நிரம்பல் பசையிலிருந்து, அதாவது மண் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுக் குழைத்த பசையிலிருந்து, பிழிந்த நீருக்கான எண். ஐந்து மடங்கு நீரில் கரைத்த கரைசல் அதைவிட மிக ஐதானது. இரண்டையும் இணைக்கப் பெருக்கும் எண் மணலுக்குப் பெரிது, களிக்குச் சிறிது. ஆகவே மண்ணின் இழையமைப்பை (மணலா, களியா என்பதை) முதலில் கண்டறியாமல் இந்த ஒப்பீடே கிடையாது. மணல் மண்ணில் 0.5 என்று அளந்துவிட்டு 'உப்பில்லை' என்று விவசாயிக்குச் சொன்னால், அவர் போஞ்சி விதைத்து நட்டப்படுவார்.

களுதாவளை, தேத்தாத்தீவு போன்ற, வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை ஊர்களில் மணல் மண்ணில் மரக்கறியும் வெற்றிலையும் செழிக்கின்றன. மணல் நீரைப் பிடித்து வைக்காது, காலையும் மாலையும் இறைக்க வேண்டும். இறைக்கும் நீர் யூரியாவிலிருந்து உண்டான நைத்திரேற்றை அள்ளிக்கொண்டு ஆழமில்லாத கிணற்றுக்கே திரும்புகிறது. அதே வளவில் மலசலகூடக் குழியும் உண்டு. ஆகவே கிணற்று நைத்திரேற்றை ஆராய்வது மாணவருக்கு மிகப் பொருத்தமான தலைப்பு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் மேல் எல்லை, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில சோதனைப் பெட்டிகள் நைத்திரேற்றைக் காட்டும், சில அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டும். இரண்டாவது வகைப் பெட்டியில் 12 என்று வந்தால் அதை 4.43 ஆல் பெருக்க வேண்டும். வருவது 53. எல்லையைத் தாண்டிய நீர் அது. பெருக்காமல் விட்டால் '50க்கு 12தான், பாதுகாப்பானது' என்ற முடிவு அறிக்கையில் ஏறிவிடும். பெட்டியின் தாளில் உள்ள ஒரு சொல்லை வாசிக்காமல் விட்டதால் வரும் பிழை இது. அந்த நீரைத்தான் பால்மாவில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். நைத்திரேற்றால் முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைதான். கொதிக்க வைத்தால் சரியாகும் என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. கொதிக்கும்போது நீர் வற்றுமே தவிர நைத்திரேற்று போகாது, செறிவு கூடும். போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் 24 மணித்தியாலத்துக்குள் அளந்துவிடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அதே கிணற்றையே அளக்க வேண்டும். கிணற்றுக்கும் குழிக்கும் பாத்திக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள்.

இனிப் பயிர்நோய். நெல் இலையில் கபிலப் புள்ளி கண்டவுடன் 'எரிபந்தம்' என்று எழுதிவிடுவது பெரிய தவறு. எரிபந்தப் புள்ளி இரு முனையும் கூர்ந்து கண் வடிவில் இருக்கும், நடு சாம்பல், ஓரம் கபிலம். கபிலப் புள்ளி நோயில் புள்ளி எள் விதைபோல முட்டை வடிவம், சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கும். அந்நோய் பொற்றாசியம் குறைந்த, வலுவிழந்த மண்ணில் கூடுதலாக வரும். இரும்பு நச்சுத்தன்மையில் கீழ் இலைகளின் நுனியிலிருந்து பொடிப் பொடியான செம்மஞ்சள் புள்ளிகள் தொடங்கி இலை முழுவதும் வெண்கல நிறமாகும். வேரைக் கழுவிப் பார்த்தால் துருப்படிந்ததுபோல இருக்கும். வடிகால் இல்லாத பள்ள வயல்களில் இதைக் காணலாம். நாகக் குறைபாட்டிலும் முளைத்துச் சில வாரங்களில் கீழ் இலைகளில் துருநிறத் திட்டு வரும். இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு. பின்னிரண்டுக்கும் பங்கசுநாசினி அடித்தால் காசுதான் போகும்.

ஐயம் தீர்க்க ஒரு சாப்பாட்டுப் பெட்டி போதும். அடியில் நனைத்த ரிசு தாளை விரித்து, புள்ளியுள்ள இலைத் துண்டுகளை அதில் வைத்து, மூடி, நிழலில் 24 முதல் 48 மணித்தியாலம் விடுங்கள். புள்ளியின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் எழும். ஒளிபுகும் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அதில் மெல்ல ஒற்றி, ஒரு துளி நீர் விட்ட கண்ணாடித் தட்டில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். எரிபந்தப் பங்கசின் வித்தி (அது பரவ உதவும் நுண்ணிய விதை போன்றது) நீர்த்துளியைப்போல ஒரு முனை பருத்து மறுமுனை கூர்ந்து, உள்ளே இரண்டு குறுக்குச் சுவரோடு மூன்று கலமாக, கண்ணாடிபோல வெளிறித் தெரியும். கபிலப் புள்ளி நோயின் வித்தி அதைவிட நீளம். வள்ளம்போல் வளைந்து, கபில நிறத்தில், பல சுவர்களோடு இருக்கும். ஒரு முறை பார்த்த கண் பிறகு மறக்காது. இலைகள் நீரில் மிதக்கக் கூடாது என்பது மட்டும் கவனம். மிதந்தால் பற்றீரியா அழுகல் முந்திவிடும், நான்கு நாள் விட்டால் அழுகலில் வாழும் வேறு பங்கசுகள் மூடிவிடும்.

கத்தரி வாடலுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, வெட்டுமுகம் மட்டும் நனையும்படி தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். பற்றீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் நிற நூல் இறங்கும். பங்கசு வாடல் என்றால் இறங்காது. நூல் இறங்கிய தோட்டத்தில் அடுத்த முறையும் கத்தரி, தக்காளி, மிளகாய் நடுவது வீண். அந்தப் பற்றீரியா மண்ணில் நெடுநாள் கிடக்கும், வாய்க்கால் நீரோடு அடுத்த பாத்திக்கும் போகும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் முதலில் தேடுங்கள். வெள்ளைத் தாளில் கொழுந்தைத் தட்டி 10 மடங்கு கைவில்லையால் பார்த்த பிறகே வைரசு என்ற சொல்லை எழுத வேண்டும்.

வயலில் நோயைக் கணக்கிடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டுப் புத்தகங்கள் நாற்று நட்ட வயலை மனதில் வைத்து 'இத்தனை நாற்றுமுடியில் எண்ணுக' என்கின்றன. இங்கே பெரும்பாலும் வீசி விதைத்த வயல், எண்ண முடி இல்லை. அரை மீற்றர் சதுரச் சட்டம் ஒன்றைத் தடியால் கட்டி, மூலைவிட்டத்தில் ஐந்து இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து, சட்டத்துக்குள் உள்ள மட்டங்களில் (நெற்பயிரின் கிளைத் தண்டுகளில்) எத்தனையில் நோய் என்று எண்ணுங்கள். நோய் அதிகமுள்ள மூலையைத் தேடிப்போய் எண்ணினால் வயல் முழுவதும் எரிந்ததுபோல ஆகிவிடும். யூரியா எத்தனை கிலோ, எத்தனை தவணை, எந்த இனம், ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல் என்ற விபரம் இல்லாத எரிபந்தக் கணக்குக்குப் பொருள் இல்லை. நெருக்கமாக விதைத்து யூரியாவைக் கூட்டிய வயலில்தான் பனி விழும் மார்கழி, தையில் எரிபந்தம் உக்கிரம் கொள்கிறது.

பங்கசை வளர்த்துப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கு வளர்ப்பூடகம் வாங்கக் காசில்லை என்று நிறுத்த வேண்டியதில்லை. ஒரு லீற்றருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு அவித்து வடித்த நீர், 20 கிராம் குளுக்கோஸ், 15 முதல் 20 கிராம் ஏகார். நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீடுதோறும் காய்ச்சும் கடற்பாசிதான் ஏகார். கடைச் சரக்கின் உறையும் வலிமை மாறுபடுவதால் முதலில் 100 மில்லிலீற்றரில் 2 கிராம் போட்டு உறைகிறதா என்று பாருங்கள். பிரஷர் குக்கரில் அமுக்கம் ஏறிய பின் 20 நிமிடம் வைத்தால் கிருமி அழியும். போத்தலைக் கையால் பொறுத்துப் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு இறங்கிய பின்னர்தான் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் நீர் வேர்த்துச் சொட்டி எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

இலைத் துண்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் ஆய்வு நிற்கிறது. புள்ளியின் நடுவில் வெட்டக் கூடாது. அங்கே இழையம் செத்துவிட்டது, நோய்க்காரணி போய் அழுகல் பங்கசுகள் குடியேறியிருக்கும். நோயும் நலமும் சந்திக்கும் ஓரத்தில், இரண்டும் பாதிப் பாதியாக இருக்கும்படி, 5 மில்லிமீற்றர் துண்டு வெட்டி, 70 வீத அற்ககோலில் 30 செக்கன், பிறகு வெளிற்றும் கரைசலில் ஒரு நிமிடம், பிறகு கிருமியழித்த நீரில் மூன்று முறை அலசி, கிருமியழித்த தாளில் ஒற்றி வைக்க வேண்டும். கடையில் வாங்கும் வெளிற்றும் கரைசல் 5 வீதமானால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தால் 1 வீதம். மூன்றாவது முறை அலசிய நீரில் ஒரு துளியைத் தனிக் கிண்ணத்தில் விடுங்கள். அதில் ஏதும் முளைத்தால் உங்கள் கிருமியழிப்பு போதவில்லை, மற்றக் கிண்ணங்களில் முளைத்ததையும் நம்ப முடியாது. இந்த ஒரு கிண்ணத்தைப் பெரும்பாலான மாணவர் அறிக்கைகளில் காண முடிவதில்லை. அதனால்தான் கறுப்புத் தூளாகக் காற்றிலிருந்து விழுந்த அஸ்பேர்ஜிலசு, நெல்லின் நோய்க்காரணி என்று சுவரொட்டியில் ஏறுகிறது. பிரித்தெடுத்த பங்கசை நலமான செடிக்குத் தெளித்து, அதே அறிகுறி வந்து, அதிலிருந்து அதே பங்கசை மீண்டும் பிரித்தெடுத்தால் மட்டுமே அது காரணி. ரொபேர்ட் கொக் வகுத்த விதி அது. வெறும் நீர் தெளித்த செடிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கிண்ணங்களைத் திறக்காமலே குக்கரில் அரை மணித்தியாலம் அவித்து எறியுங்கள்.

மூலிகைச் சாறு ஆய்வுகளைப் பற்றி உங்கள் வாசகர்கள் அடிக்கடி வாசிக்கிறார்கள். வேப்பிலை, ஆடாதோடை, உள்ளி என்று எதைப் போட்டாலும் கிண்ணத்தில் பங்கசு ஒடுங்கும். அற்ககோலில் எடுத்த சாறென்றால், சாறு சேர்க்காத வெறும் அற்ககோல் சேர்த்த கிண்ணம் எங்கே என்று கேளுங்கள். பங்கசை ஒடுக்கியது அற்ககோலாக இருக்கலாம். 100 மில்லிலீற்றர் ஊடகத்தில் 10 மில்லிலீற்றர் சாறு சேர்த்தால், ஒப்பீட்டுக் கிண்ணத்திலும் 10 மில்லிலீற்றர் நீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஊட்டமே குறைந்துபோன கிண்ணத்தோடு ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு செறிவுக்கும் ஐந்து கிண்ணமாவது வேண்டும். ஒப்பீட்டில் 80 மில்லிமீற்றரும் சாற்றில் 52 மில்லிமீற்றரும் வளர்ந்தால் தடுப்பு 35 வீதம். அந்த 35 வீதம் கிண்ணத்துக்குரியது. வெயிலும் மழையும் படும் இலையில் வேம்பின் வேலைசெய்யும் பொருள் ஒளியில் விரைவாகச் சிதையும். ஆகவே சட்டியில் ஒரு முறையும் பாத்தியில் ஒரு முறையும் செய்து பார்க்காமல் 'நோய் அழிந்தது' என்ற தலைப்பு போடலாகாது. சட்டிப் பரிசோதனையில் மருந்திட்டவை எல்லாம் வெயில் பக்கம், இடாதவை எல்லாம் சுவர் நிழல் பக்கம் என்று அடுக்குவதும் வழக்கமான தவறு, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். ஒரு செடியின் பத்து இலைகள் பத்துச் செடிகளுக்கு ஈடாகாது.

பார உலோகம் பற்றிச் சுருக்கமாக. கட்மியம், ஆசனிக்கு, ஈயம் ஆகியவற்றைப் பாடசாலையில் அளக்க முடியாது. மண்ணை வலுவான அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் மானி போன்ற கருவியில் அளக்க வேண்டும். நைத்திரிக்கமிலத்தைப் புகைக்கூடு இல்லாத அறையில் சூடாக்குவது உயிராபத்து, எந்த ஆசிரியரும் அதற்கு இணங்கக் கூடாது. நிறம் மாறும் கீலங்களும் மண்ணுக்குப் பொருந்தாது. அரிசியில் கட்மியத்துக்கு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக்குக்கு 0.2 மில்லிகிராம் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த எல்லைகள் தீட்டிய அரிசிக்குரியவை. அவற்றை மண்ணின் எண்ணோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது பொருந்தாது. வயலில் நீர் கட்டி நின்றால் நெல் ஆசனிக்கைக் கூடுதலாக எடுக்கும், வயல் காய்ந்தால் கட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும். நீர் நின்ற நாட்களின் குறிப்பு இல்லாமல் அரிசியின் எண்ணை விளக்கவே முடியாது.

மாணவரால் செய்யக்கூடியது, மண் உயிருக்குத் தீங்கானதா என்று உயிரைக்கொண்டே அறிவது. ஒரு பிளாஸ்ரிக் பெட்டியின் ஒரு பாதியில் ஐயத்துக்குரிய மண், மறுபாதியில் அதே வகையான நல்ல மண், நடுக்கோட்டில் 10 மண்புழு, 48 மணித்தியாலம். இப்படி ஐந்து பெட்டி. நடுத்தகட்டைச் செருகிப் புழுக்களை எண்ணினால், ஐயத்துக்குரிய பாதியில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்த மண் வாழ்விடமாக உதவவில்லை என்று கொள்ளலாம். இரண்டு பாதியிலும் நல்ல மண்ணே இட்ட பெட்டிகளும் வேண்டும், அவற்றில் புழுக்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரியாவிட்டால் வெளிச்சமோ ஈரமோ ஒரு பக்கம் கூடியிருக்கிறது. பயறு விதையை மண் ஊறிய நீரில் முளைக்க வைத்து வேர் நீளத்தை மில்லிமீற்றரில் அளப்பதும் நன்று. எந்த உலோகம் என்று இவை சொல்லாது. எந்த மண்ணைப் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது என்று சொல்லும், அதுவே பெரிய உதவி.

அங்கேதான் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திடமும், சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் ஓரிரு நாளைப் பாடசாலை மாதிரிகளுக்கென்று ஒதுக்கி, முறைப்படி எடுத்து முறைப்படி துண்டு எழுதிய மண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். துண்டில்லாத பையைத் திருப்பி அனுப்பினால் மறு ஆண்டு எல்லாப் பையிலும் துண்டு இருக்கும். கல்வி வலயங்கள் தாங்கற் கரைசல், 2 மில்லிமீற்றர் அரிதட்டு, மின்கடத்துதிறன் அளவி அடங்கிய ஒரு பெட்டியைப் பாடசாலைகளிடையே சுற்றுக்கு விடலாம். ஒவ்வொரு பாடசாலையும் தனியே வாங்க வேண்டியதில்லை.

ஆசிரியரே, உங்களிடமும் கேட்கிறோம். மாணவர் ஆய்வொன்றை வெளியிடும்போது எத்தனை இடத்தில் எடுத்தார்கள், எந்த மாதம், எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை முறை திரும்பச் செய்தார்கள் என்ற நான்கையும் செய்தியில் சேருங்கள். பதில் இல்லாவிட்டால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைத் தவிருங்கள். சாறு வேலை செய்யவில்லை என்று நேர்மையாக எழுதிய மாணவிக்கும் அதே அளவு இடம் கொடுங்கள், அவளது முடிவு இன்னொரு பாடசாலையின் ஓர் ஆண்டை மிச்சப்படுத்தும். 'நஞ்சான கிணறு', 'நஞ்சான அரிசி' என்று ஊர்ப் பெயரோடு தலைப்பிடுவதற்கு முன், இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கிணற்று முடிவு முதலில் கிணற்றுக்காரருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் போக வேண்டும், பத்திரிகைக்கு அதன் பிறகுதான். ஒரு ஊர் மரக்கறியைச் சந்தையில் எவரும் தொடாமல் ஆக்க ஒரு தலைப்பு போதும்.

மண் தந்த விவசாயிக்கு முடிவு திரும்பிப் போகாத ஆய்வுகளே இன்று அதிகம். அவருக்கு நீண்ட அறிக்கை தேவையில்லை, அரைப் பக்கத் துண்டு போதும். அதில் வயலின் பெயர், மண் எடுத்த திகதி, பீ.எச்., மின்கடத்துதிறன், கண்ட நோய், அதை எப்படி உறுதி செய்தோம், அளக்காமல் விட்டது எது என்பவை இருக்கட்டும். பசளை சிபாரிசை மாணவர் எழுத வேண்டாம், துண்டோடு விவசாயப் போதனாசிரியரிடம் போகச் சொல்லுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டு பெரும்போக அடிக்கட்டுப் பசளைக்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும். மண் காயும் ஐந்து நாளையும், அரித்து அளக்கும் ஒரு வாரத்தையும், பாடசாலை விடுமுறையையும் கழித்துப் பார்த்தால், செப்டெம்பர் முடிவதற்குள் மண்வெட்டியோடு வயலுக்கு இறங்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
பயிர்நோயியலும் மண் விஞ்ஞானமும் கற்பிப்போர் சிலர்,
மட்டக்களப்பு.